புதுப்பிப்பு: செஸ்னா 172 வாங்கும் விவகாரம், தொலைந்த 337 படிவம் கிடைத்தது

அமெரிக்காவில் நான் வாங்கவிருந்த 1974ஆம் ஆண்டின் செஸ்னா 172எம் விமானத்தில் 150 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துவிட்டு 180 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்தியிருந்தும், அதற்குரிய 337 படிவம் (விமானத்தில் செய்த பெரிய மாற்றத்தைப் பதிவுசெய்யும் படிவம்) விற்பவரிடம் இல்லை என்றும், முன்பணம் கொடுக்கலாமா என்றும் சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன்.

படிவம் கிடைத்துவிட்டது. ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பதிவகத்திலிருந்து விமானத்தின் முழு ஆவணத் தொகுப்பையும் வரவழைத்துப் பார்த்தபோது, மங்கிய தட்டச்சில், எஸ்டிசி (அந்த மாற்றத்தின் வடிவமைப்புக்கான எஃப்ஏஏ ஒப்புதல்) எண்ணுடனும் மெக்கானிக்கின் கையொப்பத்துடனும் அது பத்திரமாக இருந்தது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

உண்மையான தலைவலி வேறிடத்தில், அதாவது பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்ய எஃப்ஏஏ பிறப்பிக்கும் கட்டாய உத்தரவுகளான ஏடிகளில் இருந்தது. பராமரிப்புப் பதிவேட்டில் “எல்லா ஏடி உத்தரவுகளும் நிறைவேற்றப்பட்டன” என்ற ஒற்றை வரிதான் இருந்ததே தவிர, உத்தரவின் எண், நிறைவேற்றிய முறை, அடுத்த சோதனைக்கான காலம் எதுவும் இல்லை. ஆகவே, அத்தகைய உத்தரவு ஒன்றின்படி 100 பறப்பு மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது 12 மாதங்களுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய இருக்கைத் தண்டவாளச் (இருக்கை முன்னும் பின்னும் நகரும் தடம்) சோதனையை, நான் அமர்த்திய ஐஏ (ஆய்வு செய்யும் அதிகாரம் பெற்ற) மெக்கானிக் புதிதாகவே செய்தார். விமானியின் இருக்கைக்குக் கீழே இருக்கையை நகராமல் நிறுத்தும் பூட்டுமுள் நுழையும் துளைகள் இரண்டு நீள்வட்டமாகத் தேய்ந்திருந்ததைக் கைவிளக்கு வெளிச்சத்தில் நானே பார்த்தேன். மேலெழும்பும் நேரத்தில் இருக்கை பின்னுக்கு நழுவினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. தண்டவாளத்தை மாற்றும் செலவை விற்பவர் முணுமுணுப்புடன் விலையில் கழித்துக்கொண்டார்.

விற்பனைப் பத்திரமும் பதிவு விண்ணப்பமும் திங்களன்று அனுப்பப்பட்டன. சான்றிதழ் வரும்வரை விண்ணப்ப நகலை விமானத்தில் வைத்துக்கொண்டு நாட்டுக்குள் மட்டும் பறப்பேன்.