சம்பூர் அம்மம்மாவின் கிணறு

என்ர அம்மம்மாவின் ஊர் இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர். 2006 ஏப்ரலில் ஷெல்லடிக்குள்ள உடுத்த சீலையோட வெளிக்கிட்டவா. பிறகு மட்டக்களப்பு, அதுக்குப் பிறகு கிளிவெட்டி முகாம். அரசு எடுத்து வைத்திருந்த காணி திரும்பினது 2015, 2016 இல், அதுவும் கட்டங்கட்டமாக. போய்ப் பார்த்தால் வீடு இல்லை, வேலி இல்லை, எல்லைக்கல்லும் இல்லை.

இலங்கைத் தமிழரின் ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் நூலக நிறுவனத்தின் 'ஆவணகம்' இணையத்தளத்தில் வாய்மொழி வரலாறுகளைக் கேட்ட பிறகுதான் அவவின் கதையையும் பதிய வேணும் என்று தோன்றியது. முதல் நாள் நான் செய்தது பிழை. போனை முன்னால் நிறுத்திவிட்டு, "அம்மம்மா, இடம்பெயர்ந்ததைச் சொல்லுங்கோ" என்றேன். "எல்லாருக்கும் நடந்ததுதானே மகன்" என்று முடித்துவிட்டா. இருபது நிமிசத்தில் பாதி காற்றுச் சத்தம்.

அடுத்த முறை கேள்வி கேட்கவில்லை. செய்மதி வரைபடத்தைத் திறந்து மடியில் வைத்தேன். வெற்றிலைக் காவி படிந்த விரலால் அவ தொட, படம் கடலுக்குள் ஓடியது. "அசையாமப் பிடி மகன்." பத்திரகாளி அம்மன் கோயிலைக் கண்டுபிடித்தா. அங்கிருந்து விரல் மெல்ல மெல்ல நகர்ந்து ஒரு புளியமரத்தின் கரும்புள்ளியில் நின்றது. "இதுக்குக் கிழக்கால எங்கட கிணறு. மாரியில குனிஞ்சு கையால அள்ளலாம்." பிறகு நிறுத்தவே இல்லை: ஆருடைய வளவு, ஆருடைய மாட்டுப்பட்டி, கூனித்தீவுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர்கள். குரலைத் தனியாகப் பதிந்து, பிறகு அந்தப் படத்தோடு சேர்த்தேன். எழுத்தாக்கும்போது அவவின் பேச்சைத் திருத்தவில்லை. "அள்ளலாம்" என்பதை "நீர் மட்டம் உயர்ந்திருக்கும்" என்று மாற்றினால் அந்தக் கிணறு போய்விடும்.

உறவுகளுக்கு அனுப்ப முன்னம் முழுவதையும் போட்டுக் காட்டினேன். "இதை ஆரெல்லாம் கேப்பாங்க?" என்றா. கனடாவிலும் கேட்பார்கள் என்றதும் யோசித்து, காணாமல் போன ஒரு பெடியனின் பெயரை எடுக்கச் சொன்னா. தாய் இன்னும் அவன் வருவான் என்று இருக்கிறாவாம். எடுத்துவிட்டேன். பதிவு செய்பவர்கள் தயவுசெய்து இப்படிப் போட்டுக் காட்டிக் கேட்கும் ஒரு வேலையைத் தவறவிடாதீர்கள், கதை அதைச் சொன்னவருக்குத்தான் சொந்தம். முழுப்பதிவு இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கிறது, அவ சம்மதிக்காமல் வெளியே போகாது.

போன கிழமை விடியக்காலை அவவே அழைத்தா. "மகன், கடற்கரைச்சேனைப் பக்கம் ஒரு துரவு விட்டுப்போச்சு. வரேக்க அந்தப் படத்தையும் கொண்டு வா."