டவுன் லைன் தண்ணி எங்கை கெடுது? வன்னிப் பக்கத்து அனுபவங்களைப் போடுங்கோ

கனகராயன்கரை
கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் லைன் எடுத்த வீடுகளிலை அனேகமாக் கிணறும் இருக்கும். ரெண்டுக்கும் ஒரே கூரைத் தாங்கி. கிணத்து மோட்டரிலையிருந்து வாற பைப்பையும் மீற்றரிலையிருந்து வாற அரை இஞ்சிப் பைப்பையும் ஒரு 'ரி' (மூண்டு வாய் இணைப்பு) போட்டுச் சேர்த்து, நடுவிலை கேற் வால்வு ஒண்டு. "தேவைக்குத் திருப்பலாம்" எண்டுதான் செய்யிறது. இங்க ஆகக்கூடக் காணுற பிழை இதுதான்.

நேரத்துக்குத் தண்ணி விடுற இடத்திலை, விடாத நேரம் லைனிலை அமுக்கமே இல்லை. அப்ப மோட்டரைப் போட்டால் அது 2, 3 பார் தள்ளும். வால்வு அரைச்சுத்துத் திறந்து கிடந்தாலே கிணத்துத் தண்ணி மீற்றரைத் தாண்டி றோட்டு லைனுக்குப் போயிடும். அடுத்த முறை தண்ணி விடேக்கை பக்கத்து வீட்டுச் சனம் குடிக்கிறது உங்கடை கிணத்தை. மோட்டர் ஓடேக்கை மீற்றரைக் குனிஞ்சு பாருங்கோ. சின்னச் சக்கரம் மற்றப் பக்கமாச் சுத்தினால் வேறை சாட்சி தேவையில்லை.

'ரி'யை வெட்டி எடுத்துப்போட்டு, லைனுக்கும் கிணத்துக்கும் தனித்தனி வாய் வையுங்கோ. லைன் பைப்பின்ரை நுனி, தாங்கியிலை தண்ணி வழிஞ்சு போற ஓட்டைக்கு மேலை நிக்கவேணும். பைப் விட்டத்தின்ரை ரெண்டு மடங்கு இடைவெளி, எப்பிடியும் 25 மி.மீ.க்குக் குறையாமல். இதிலை ஒரு வேடிக்கை: தண்ணி விழுற சத்தம் நித்திரையைக் குழப்புது எண்டு சிலர் நுனியிலை ஹோஸ் துண்டை மாட்டி அடிவரை விடுவினம். இடைவெளி வைச்ச வேலை அத்தோடை சரி. லைன் வெறுமையாகேக்கை அதே ஹோஸ் தாங்கித் தண்ணியை உறிஞ்சி வெளியிலை கொண்டுபோகும்.

செட்டிகுளம்_77
அண்ணை, நொன் ரிட்டர்ன் வால்வு (தண்ணியை ஒரு பக்கம் மட்டும் விடுற வால்வு) போட்டால் காணாதோ?

கனகராயன்கரை
காணாது தம்பி. எங்கடை கிணத்துத் தண்ணியிலை சுண்ணாம்பு கூட. கேத்தில் அடியிலை படியிற அதே வெள்ளைக் கட்டி வால்வுத் தட்டிலையும் படிஞ்சு, தட்டு முழுசா மூடாது. போடலாம், இடைவெளியும் இருந்தால்.

வால்வுத்திறப்பு
தண்ணி கெடுற அடுத்த இடம், றோட்டிலை பைப் வெடிச்ச இடம். கிடங்கிலை நிக்கிற சேத்துத் தண்ணியைப் பைப்புக்குக் கீழை இறங்குமட்டும் இறைச்சுப்போட்டுத்தான் வெட்டவேணும். அவசரத்திலை அதை விட்டுட்டு வெட்டினால் சேறு உள்ளை போகும், பிறகு எவ்வளவு குளோரின் போட்டும் பிரியோசனமில்லை. புதுத்துண்டின்ரை உள்பக்கத்தையும் கப்ளிங்கையும் 1% குளோரின் கரைசலாலை துடையுங்கோ.

பூட்டினபிறகு கழுவி விடுறதிலைதான் கஞ்சத்தனம் காட்டுறது. சும்மா ஒழுக விட்டால் மண் அசையாது, செக்கனுக்கு 0.9 மீற்றர் வேகமாவது வேணும். 100 மி.மீ. பைப்பெண்டால் செக்கனுக்கு 7 லீற்றர். 200 லீற்றர் பரல் அரை நிமிசத்துக்குள்ளை நிரம்பாட்டில் அந்தக் கழுவல் கணக்கில்லை.

முறிகண்டிச்சந்தி
குளோரின் பாக்கிறதைப் பற்றி. தாங்கிக்குப் போகமுதல் லைனிலையிருந்து நேரா வாற குழாயிலை எடுங்கோ. ஒரு நிமிசம் ஓடவிட்டு 10 மி.லீ. பிடிச்சு, டிபிடி 1 குளிசையை (குளோரின் இருந்தால் நிறம் காட்டுற சோதனைக் குளிசை) கை படாமல் போட்டுக் கலக்கி, உடனை நிறத்தைப் பாருங்கோ. இளஞ்சிவப்பு வரும். வீட்டு முனையிலை லீற்றருக்கு 0.2 மி.கி. எண்டாலும் நிக்கவேணும். பத்து நிமிசம் வைச்சுப் பாத்தால் நிறம் கூடிக் காட்டும், அதை நம்பாதேங்கோ.

ஒரு பொறி இருக்கு. கிணத்துக்கு மருந்து போட்ட அண்டு மாதிரிக் குளோரின் மிச்சமாக் கூடினால், அது குளிசையின்ரை நிறத்தையே வெளுத்துப்போடும். 'குளோரின் இல்லை' எண்டு நினைச்சு இன்னும் அள்ளிப் போடுவினம். மணம் மூக்கைத் துளைக்குது, நிறம் வரேல்லை எண்டால், ஒரு பங்கு மாதிரிக்கு ஒன்பது பங்கு குளோரினில்லாத தண்ணி சேர்த்துத் திரும்பப் பாருங்கோ. வாற அளவைப் பத்தாலை பெருக்கினால் சரி.

வரட்சிக்கு ஓடுற பவுசருக்கு (தண்ணி லொறிக்கு) 0.2 காணாது. வெயிலிலை, குலுங்கிற தாங்கியிலை அது ஊருக்குப் போய்ச் சேரமுதல் முடிஞ்சிடும். நிரப்பேக்கையே 2 மி.கி. வரை வைக்கவேணும்.

குளக்கட்டு
குளத்துத் தண்ணியைச் சுத்திகரிக்கிற இடங்களுக்கு ஒண்டு. ஆவணி, புரட்டாதியிலை குளம் வத்திப் பச்சைப் பாசி படர்ந்தால், உடனை துருசு அடிக்கிறதோ, தண்ணி உள்ளை எடுக்கிற வாயிலிலையே குளோரின் ஊத்துறதோ கூடாது. நீலப்பச்சைப் பாசியெண்டால் கலம் வெடிச்சு உள்ளுக்கிருக்கிற நஞ்சு தண்ணியிலை கரைஞ்சிடும். கலம் முழுசா இருக்கேக்கையே படிகாரத்தாலை படியவைச்சு, வடியிலை பிடிக்கிறதுதான் புத்தி.

முதல் மாரிமழைக்குக் கலங்கல் ஒரே இரவிலை ஏறும். நேற்றைய படிகார அளவு இண்டைக்குச் சரிவராது. படிகாரம் 10 கிராமை ஒரு லீற்றர் தண்ணியிலை கரைச்சு வையுங்கோ. அதிலை 1 மி.லீ.யை ஒரு லீற்றர் குளத்துத் தண்ணிக்கு விட்டால் லீற்றருக்கு 10 மி.கி. படிகாரம் சேரும். ஆறு போத்தலிலை 10 முதல் 60 மி.கி. வரை விட்டு, ஒரு நிமிசம் வேகமா, கால் மணித்தியாலம் மெதுவாக் கலக்கி, அரை மணித்தியாலம் படியவிடுங்கோ. தெளிஞ்சதிலை ஆகக்குறைஞ்ச அளவுதான் அண்டைய அளவு.

செட்டிகுளம்_77
1000 லீற்றர்த் தாங்கி கழுவ எவ்வளவு குளோரின் பவுடர்?

முறிகண்டிச்சந்தி
முதலிலை அடிச் சேத்தை உரஞ்சி வெளியிலை விடுங்கோ. பிறகு 30% குளோரின் உள்ள பவுடரெண்டால் 165 கிராம். வாளியிலை கரைச்சு, தெளிஞ்சதை மட்டும் ஊத்தி, நிரப்பி 24 மணித்தியாலம் விடுங்கோ. வாய் திறந்து கிடந்த பழைய பையெண்டால் இந்தக் கணக்குச் சரிவராது, பலம் போயிருக்கும். வெளியிலை விடுற தண்ணி வாழைப்பாத்திக்கோ குளத்துக்கோ போகக்கூடாது.