பொருள்: லாங் பிம்பிளுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். மேசைப்பந்துப் பயிற்சியாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மட்டை ரப்பரில் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி உருளைகளை நம் பிள்ளைகள் லாங் பிம்பிள் என்கிறார்கள். அந்த ரப்பரோடு மேசையை ஒட்டி நின்று, வீசி அடிக்காமல், வரும் பந்தை மெல்லத் தள்ளியே மறிக்கும் ஆட்டத்துக்கும் ஒரு சொல் தேவை. இப்போதைக்கு நீள்முள், தள்ளுத்தடுப்பு என்று எழுதியிருக்கிறேன். சரியா?
— திருச்சி

அம்மா, இரண்டும் பிழை. நீள் + முள் = நீண்முள். நீண்முடி என்று படித்ததில்லையா? தள்ளுதடுப்பு வினைத்தொகை, அங்கே வல்லினம் மிகாது. ஊறுகாயை யாராவது ஊறுக்காய் என்பார்களா?
— தஞ்சை

ஐயா, நீண்முள் என்றால் எங்கள் கிளப்பில் மீன் குழம்பைத்தான் தேடுவார்கள். இது குத்தாது, தலை தட்டை. விரலால் தடவினால் சாயும், அந்தச் சாய்வில்தான் வித்தையே. 2018 காமன்வெல்த் போட்டியில் மணிகா பத்ரா தங்கம் வென்றபோது பேக்ஹேண்டில் இருந்தது இந்த ரப்பர்தான்.

இருவரும் இதே ரப்பரில் தள்ள ஆரம்பித்தால் வேடிக்கை. பந்தில் சுழல் செத்துவிடும். காற்றுப் போன பலூன் மாதிரி ஆடி ஆடி வரும், யாராலும் அறைய முடியாது. போன மாதம் இரண்டு சிறுமிகள் இப்படித் தள்ளிக்கொண்டே இருந்தார்கள், நடுவருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. கடைசியில் ஒருத்தி மட்டையைக் கைக்குள்ளேயே புரட்டி, வழவழப்பான பக்கத்தால் நன்றாகக் கீழே வெட்டித் தள்ளினாள். மற்றவளின் ரப்பரில் பட்டுப் பந்து கொஞ்சம் எழும்பி வந்தது. அறைந்துவிட்டாள். கையேட்டில் இந்தப் புரட்டலுக்கும் சொல் வேண்டுமே?
— கோவை

உருவத்தை விட்டுவிட்டு வேலையை வைத்துப் பெயரிடலாம். சுழலை மாற்றுவதால் சுழல்மாற்றி.
— சென்னை

அது மாற்றுவதே இல்லை. மாற்றுவது வழவழப்பான ரப்பர்தான், அது பந்தைப் பற்றி எதிர்த்திசையில் சுற்றவிடும். இது பற்றாமல் வழுக்கிவிடுவதால் பந்து பழைய திசையிலேயே சுற்றிக்கொண்டு திரும்பிப் போகிறது. அடித்தவருக்குத் தன் மேற்சுழல் கீழ்ச்சுழலாகத் தெரிகிறது. சுழல்மாற்றி என்று எழுதினால் பாடமே தலைகீழ்.
— கோவை

எங்களூரில் மேசைப்பந்து என்ற சொல் நிலைத்ததற்குக் காரணம் அது கதை சொல்லாததுதான். பரு என்று வைத்தால் என்ன? உட்பரு, வெளிப்பரு, குறும்பரு, நெடும்பரு என்று குடும்பமே கிடைக்கிறது. முள்ளில் அது வராது.
— யாழ்ப்பாணம்

ஒன்பதாம் வகுப்பில் போய்ப் பரு என்று சொல்லிப் பாருங்கள், பாதி வகுப்பு கன்னத்தைத் தடவும், மீதி சிரிக்கும். பரல் எனலாம், சிலம்பின் பரல்.
— மதுரை

பரல் சிலம்புக்குள் உருண்டு ஓடுவது, ரப்பரில் ஒட்டியிருப்பதன்று. அதோடு, கண்ணகி வழக்குரைக்கும் இடத்தில் இருக்கும் சொல் அரி. பரு நல்ல சொல்தான். பருமை, பருமன், பருத்தி, பருப்பு எல்லாம் ஒரே வேர் என்பார்கள்.
— தஞ்சை

பருத்தியா? நேற்று பருந்தையும் சேர்க்காமல் விட்டீர்களே, அதுவரை சந்தோஷம். எனக்கு வேறொரு சந்தேகம். விதிப்படி உருளையின் உயரம் அதன் விட்டத்தைப் போல 1.1 மடங்கைத் தாண்டக்கூடாது. இதில் நெடுமை எங்கிருந்து வந்தது?
— சென்னை

குறும்பருவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரும். குள்ளர்கள் நடுவே சுமாரான ஆள் நெட்டை.
— யாழ்ப்பாணம்

நன்றி. இன்று புதன். நெடும்பரு என்பதையே வைக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் லாங் பிம்பிள் என்றும் எழுதிவிடுகிறேன், பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும். தஞ்சை ஐயா சொன்னபடி தள்ளுதடுப்பு, த் இல்லாமல். கோவைத் தம்பி கேட்டதற்கு மட்டைபுரட்டல். ஒரு கேம் 10 நிமிடம் ஓடியும் இருவர் புள்ளியும் சேர்ந்து 18 எட்டாவிட்டால், அதன்பின் பந்தை வாங்குபவர் 13 முறை திருப்பிவிட்டாலே புள்ளி அவருக்கு என்று ஒரு விதி உண்டல்லவா, இந்தத் தள்ளுகாரர்கள் அடிக்கடி மாட்டுவது அதில்தான். அதற்கு விரைவுமுறை என்று போட்டுவிட்டேன்.
— திருச்சி

பரு நல்ல சொல் என்றேனே தவிர, முள்ளை விட்டுவிட்டு நெடும்பரு வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். முள் என்றால் குத்தித்தான் ஆக வேண்டுமா? கடிகாரத்தில் இருப்பது யாரைக் குத்துகிறது? அப்புறம், அந்த விரைவுமுறையை எந்த மடலில் விவாதித்தோம்?
— தஞ்சை