ஒரே ஓர் எதிர்ப்பு வாக்கு: பார்பரா லீயின் அரசியலை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி:
செப்டம்பர் 11 பயங்கரவாதத் தாக்குதலுக்கு மூன்று நாள் கழித்து, 2001 செப்டம்பர் 14 அன்று, படைபலத்தைப் பயன்படுத்தக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் தரும் தீர்மானத்தை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரித்தனர். எதிர்த்தவர் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் பகுதி உறுப்பினரான, ஜனநாயகக் கட்சியின் பார்பரா லீ ஒருவர் மட்டுமே. செனட்டில் ஓர் எதிர்ப்பு வாக்குகூட விழவில்லை. போர் என்றாலே ஏற்காதவர் என்பதால் எடுத்த முடிவா, இல்லை சட்டம் சார்ந்த காரணம் இருந்ததா? நான் படித்த கட்டுரைகள் எல்லாம் அந்த ஒரு நாளோடு நின்றுவிடுகின்றன. அதற்கு முன்னும் பின்னும் அவர் செய்தவற்றை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
காரணம் தீர்மானத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. அதன் உயிர்ப்பகுதி 60 சொற்கள்தான். தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், நடத்தியவர்கள், உதவியவர்கள், அவர்களுக்குப் புகலிடம் தந்தவர்கள் என்று குடியரசுத் தலைவர் தீர்மானிக்கும் எந்த நாட்டின்மீதும், அமைப்பின்மீதும், தனிநபர்மீதும் படைபலத்தைப் பயன்படுத்தலாம் என்று அது சொல்கிறது. எந்த நாடு என்பதும் அதில் இல்லை, எத்தனை காலம் என்பதும் இல்லை. போரை அறிவிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு நாடாளுமன்றமான காங்கிரசிடம் ஒப்படைத்திருக்க, அதைத் தேதி போடாத காசோலையைப் போல எழுதிக் கொடுக்கக் கூடாது என்பதே லீயின் வாதம்.

வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் நடந்த நினைவு வழிபாட்டுக்குக் கடைசி நேரத்தில், கையில் இஞ்சிப் பான டப்பாவுடன் ஓடியதாக அவர் பின்னர் சொல்லியிருக்கிறார். நாம் வெறுக்கும் தீமையாகவே நாம் மாறிவிடக் கூடாது என்று அங்கு மதகுரு வேண்டியதைக் கேட்டு மனம் உறுதிப்பட்டவர், அன்றே சபையில் அந்த வரியை மேற்கோள் காட்டிப் பேசினார். கொலை மிரட்டல்கள் குவிந்ததால் காவல்துறைப் பாதுகாப்பு தேவைப்பட்டது.

பதில் 2:
முன்கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருடைய தந்தை ராணுவ அதிகாரி என்பதால், படைவீரர்களை மதிக்காதவர் என்ற குற்றச்சாட்டு அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. மில்ஸ் கல்லூரியில் படித்தபோது, 1972-இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராகக் களமிறங்கிய ஷெர்லி சிசோமுக்காக உழைத்தார். பெர்க்லியில் சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஓக்லண்டின் உறுப்பினர் ரான் டெல்லம்ஸிடம் பணியாற்றி, மாநிலச் சட்டமன்றத்திலும் இருந்த பிறகே, 1998 இடைத்தேர்தலில் டெல்லம்ஸின் இடத்துக்கு வந்தார்.

என் பார்வையில், அவரைப் போர் எதிர்ப்பாளராக மட்டும் காண்பது பெரிய குறை. எய்ட்ஸ் நோய்க்கு எதிரான உலகளாவிய உதவித் திட்டத்தை 2003-இல் கொண்டுவந்த சட்டத்தில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அதில் கையெழுத்திட்டவர், அவர் எதிர்த்த போர்களை நடத்திய அதே குடியரசுத் தலைவர் புஷ். சபையில் அதை முன்மொழிந்தவர் குடியரசுக் கட்சியின் ஹென்றி ஹைட். கருக்கலைப்புக்குக் கூட்டாட்சி நிதி தரத் தடை விதித்த, லீ வாழ்நாளெல்லாம் எதிர்த்த விதி இந்த ஹைட்டின் பெயரால்தான் வழங்குகிறது. கொள்கையில் இம்மியும் விட்டுக்கொடுக்காமல் எதிரணியோடு சேர்ந்து இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்து முடித்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அந்தத் தீர்மானத்தை நீக்க அவர் முயன்றாரா?

பதில் 1:
ஆண்டுக்கணக்கில் முயன்றார். 2017-இல் பிரதிநிதிகள் சபையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் அவருடைய திருத்தம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறி, அறையில் கைதட்டலும் எழுந்தது. ராணுவத்தில் பணியாற்றிய குடியரசுக் கட்சியினரும் ஆதரித்தனர். ஆனால் சபைத் தலைமை, வாக்கெடுப்பே இல்லாமல் அதை மசோதாவிலிருந்து எடுத்துவிட்டது. ஈராக் போருக்கான 2002 தீர்மானத்தை நீக்கும் அவருடைய மசோதா, 2021-இல் சபையில் 268-161 என்ற கணக்கில் நிறைவேறியது. 2024-இல் செனட் வேட்பாளருக்கான முதற்கட்டத் தேர்தலில் தோற்ற அவர், 2025 ஜனவரியில் சபையை விட்டு விலகி, அதே ஆண்டில் ஓக்லண்ட் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் சபையை விட்டுச் சென்ற அன்றும் 2001 தீர்மானம் நடைமுறையில்தான் இருந்தது.