தை அமாவாசை: வேன்ல யார் யார்?

பெரியப்பா: தை அமாவாசைக்கு ராமேஸ்வரம். காலை 6 மணிக்கு அக்கினி தீர்த்தத்துல அப்பாவுக்குத் தர்ப்பணம். வேன்ல 12 பேர்தான். பேர் குடுங்க 🙏

சின்ன அத்தை: நாங்க 2

செந்தில்: 3. ஜன்னல் சீட்

சின்ன அத்தை: அக்கா?

பெரிய அத்தை மான்டரே: வர முடியாதுடி, அக்வேரியத்துல அந்த வாரம் என் முறை. ஆனா அமாவாசைக்கு இங்க கலிஃபோர்னியாலயும் கடல் நல்லா வத்தும். கோடையிலன்னா விடியக்காலம், குளிர்காலத்துல சாயங்காலம். உங்களுக்குக் காலை 6ன்னா எனக்கு முந்தின நாள் சாயங்காலம் 4.30. பாறையில நின்னுக்கிட்டே வீடியோல வந்துடறேன்.

பெரியப்பா: முந்தின நாள்னா சதுர்த்தசி.

பெரிய அத்தை மான்டரே: நிலா ஒண்ணுதானேண்ணா 😄

திருச்சி மாமா: சம்பளம் உண்டா அங்க

பெரிய அத்தை மான்டரே: சேவைதான். பிள்ளைங்க தொட்டுப் பாக்குற தொட்டிகிட்ட நின்னு "ரெண்டு விரலால மெல்ல"ன்னு சொல்லணும். மத்தியை டின்ல அடைச்ச ஃபேக்டரி இருந்த இடம். மத்தி அத்துப்போச்சு, 1984ல அக்வேரியம் ஆச்சு.

திருச்சி மாமா: மத்தி குழம்பு ❤️

செந்தில்: அமாவாசை மெசேஜ்ல மாமா 🙈

சின்ன அத்தை: பாப்பாவுக்கு ஒரு நட்சத்திர மீன் கொண்டு வாயேன், காஞ்சது

பெரிய அத்தை மான்டரே: எதுவும் எடுக்கக் கூடாதுடி. காலிச் சங்குகூட நண்டு குடியிருக்க வேணும். நட்சத்திர மீனுக்கு 2013ல நோய் வந்து கையெல்லாம் கழண்டு கூழாப் போச்சு. 20 கை இருக்குற பெரிய வகை இந்தக் கரையில இப்ப காணோம். அது தின்னுக்கிட்டிருந்த முள்ளு உருண்டை, அர்ச்சின், பெருகி பாசிக் காட்டையே மேஞ்சிடுச்சு. அந்த நோய்க்குக் காரணம் பாக்டீரியான்னு 2025லதான் கண்டுபிடிச்சாங்க.

பெரியப்பா: பெரியவங்க இல்லாத வீடு.

சின்ன அத்தை: 🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

பெரிய அத்தை மான்டரே: படிச்சுட்டேன். அம்மா போனது 2020 ஜூன். ஃபிளைட்டே இல்ல, உனக்கே தெரியும்.

செந்தில்: வேன் ஏசியா?

பெரியப்பா: ஏசின்னா 3000 கூட.

திருச்சி மாமா: ஏசி

பெரியப்பா: நீ வர்றியான்னே சொல்லல. பாறை வழுக்கும்மா, பாத்து நில்லு.

பெரிய அத்தை மான்டரே: கடலுக்கு முதுகு காட்டாதேன்னுதான் இங்க முதல் பாடம்ணா. திடீர்னு பெரிய அலை வரும்.

பெரியப்பா: அப்பாவும் அதத்தான் சொல்வார்.

சின்ன அத்தை: அக்கா 4.30க்கு நான்தான் கூப்பிடுவேன். எடு

திருச்சி மாமா: ஏசி உண்டுன்னா வர்றேன்