பலகாரத் தட்டுக்குக் காகிதக் கிறிஸ்துமஸ் மரம்: மழையில் தொய்யாமல் இருக்க என்ன செய்யலாம்?

பாளையங்கோட்டை மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தெருவில் 30 வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொடுப்போம். அத்தை இருந்தவரை சவுக்குக் கிளையை வெட்டி வந்து, மண் போட்ட வாளியில் நட்டு, அதிலிருந்து ஒரு சின்னக் கொப்பை ஒடித்து ஒவ்வொரு தட்டிலும் வைப்பார்கள். இப்போது சவுக்குக்கு எங்கே போவது? அதனால் உள்ளங்கை அளவில் காகித மரம் செய்து வைக்க ஆசைப்படுகிறேன். அப்படியே நாலைந்து மரங்களை எங்கள் சாப்பாட்டு மேஜைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பச்சை சார்ட்டில் 12 செ.மீ. ஆரத்தில் அரைவட்டம் வெட்டிக் கூம்பாகச் சுருட்டினேன். உயரம் பத்தரை செ.மீ. வந்தது, அளவு சரிதான். ஆனால் மூன்று நாள் மழையில் எல்லாம் தொய்ந்து, ஒட்டின இடமெல்லாம் நெளிந்துவிட்டது. ஃபேன் போட்டால் உருண்டு கீழே விழுகிறது. முறுக்கு எண்ணெய் பட்டால் காகிதத்தில் கறை வேறு. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

சிவகாசி பைண்டர்:

தங்கச்சி, இருபது வருடம் பைண்டிங் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். முதலில் காகிதத்தில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நாங்கள் கிரெயின் என்போம். தாளை நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அந்த மடிப்புக்கோட்டின் திசையில்தான் நார் ஓடுகிறது. மரத்தின் உயரம் அந்தத் திசையில் இருக்க வேண்டும். அப்போது நிமிர்ந்து நிற்கும், நடு மடிப்பும் வெடிக்காமல் சுத்தமாக விழும். குறுக்கே வெட்டினால் ஈரக்காற்றில் தலை சாய்ந்துவிடும்.

சார்ட் வேண்டாம். வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் சேர்ந்திருக்குமே, அந்த அட்டையை எடுங்கள். கனமும் இருக்கும், தங்கப் பூவேலையும் இருக்கும். சாமி படம் போட்ட பக்கத்தை மட்டும் வெட்டாமல் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

கூம்பும் வேண்டாம். 9 செ.மீ. உயரம், அடியில் 6 செ.மீ. அகலம் என்று மரவடிவம் ஒன்றை வெட்டி, அதை அச்சாக வைத்து ஒரு மரத்துக்கு ஆறு துண்டு எடுங்கள். அழகான பக்கம் உள்ளே இருக்கும்படி ஒவ்வொன்றையும் நடுவில் மடித்து, ஒன்றின் முதுகுப் பாதியை அடுத்ததன் முதுகுப் பாதியோடு ஒட்டிக்கொண்டே போங்கள். கடைசி ஒட்டுக்கு முன் நடுவில் ஒரு மூங்கில் குச்சியை வைத்து, கீழே இரண்டு செ.மீ. நீட்டி விடுங்கள். தண்ணீர் பாட்டில் மூடியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றிக் குச்சியை ஊன்றினால் ஃபேனுக்கு அசையாது. மாவு சீக்கிரம் இறுகிவிடும், ஐந்தாறு மூடிக்கு மட்டும் கலக்குங்கள். காகிதம் தட்டில் படாமல் மேலே நிற்பதால் எண்ணெய்க் கறைக்கும் பயமில்லை.

ஃபெவிகாலை அள்ளிப் பூசாதீர்கள். அதிலுள்ள தண்ணீர்தான் உங்கள் கூம்பை நெளிய வைத்திருக்கும். பழைய ஏ.டி.எம். கார்டால் மெல்லிசாக இழுத்து, ஒட்டியதும் தடிமனான புத்தகத்துக்கு அடியில் அழுத்தி வையுங்கள்.

திருப்பூர் கலா:

தட்டுக்குச் சின்னது சரி. மேஜை நடுவில் பெரிதாக ஒன்று வேண்டுமென்றால், நூல் சுற்றி வருகிற அட்டைக் கோன் இருக்கிறதே, அது ஏற்கெனவே மர வடிவம்தான். க்ரேப் பேப்பரை 4 செ.மீ. பட்டையாக நறுக்கி, ஒரு ஓரத்தில் குஞ்சம் போல் வெட்டி, அடியிலிருந்து மேலே சுற்றி ஒட்டுங்கள். மேலே போகப்போகப் பட்டை கொஞ்சம் குறுகலாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும். பக்கத்தில் மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றிவிடாதீர்கள் அக்கா, க்ரேப் சட்டென்று பற்றிக்கொள்ளும். பேட்டரி விளக்கு போதும்.

பாளையங்கோட்டை மருமகள்:

அண்ணன் சொன்னபடி நேற்று மூன்று மரம் முடித்து ஃபேனுக்கு நேர் கீழே வைத்தேன். ராத்திரி முழுக்க மழை. காலையில் மூன்றும் நேராக நின்றன! வளைத்துப் பார்க்கிற விஷயம் இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. கலா, கோனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னும் 27 பாக்கி. அட்டை போதவில்லை என்றதும் மாடி வீட்டு அக்கா தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் மிஞ்சியதை ஒரு கட்டாகத் தந்துவிட்டார். கிளிப்பச்சை, ஓரத்தில் தங்க மயில். அவர்கள் வீட்டுத் தட்டுக்கு, அந்த மயில் முன்னால் தெரிகிற மாதிரி ஒன்று இன்றைக்கே வெட்டப்போகிறேன்.