இரண்டரை வயது மகள் கைப்பேசி இல்லாமல் வாய் திறப்பதில்லை, என்ன செய்வது?

காவிரிக்கரை, தஞ்சாவூர்

வணக்கம். ஒரு வயது வரை பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், வாழைப்பழம் என எதைக் கொடுத்தாலும் சாப்பிட்ட என் மகள், இப்போது கைப்பேசியில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறாள். ஓர் இட்லியை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. பாட்டு நின்றால் வாயில் இருப்பதையும் துப்பிவிடுகிறாள். கீரையோ காயோ கண்ணில் பட்டாலே தட்டைத் தள்ளுகிறாள். பிள்ளையின் வயிறு காயக்கூடாதே என்று என் மாமியார் காலை எழுந்ததும், பதினொரு மணிக்கும், மாலையிலும், படுக்கும்போதும் பால்புட்டியில் 200 மில்லி பால் கொடுத்துவிடுகிறார். சென்ற வாரம் எடை 11 கிலோ 200 கிராம். வயதுக்கு ஏற்ற வரம்பில்தான் இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. வற்புறுத்தி ஊட்டவும் மனமில்லை, ஊட்டாமல் விடவும் பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர், புதுக்கோட்டை

அன்புள்ள தங்கைக்கு, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிறந்தபோது இருந்த எடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கை முதல் பிறந்தநாளுக்குள் எட்டிவிடும் பிள்ளை, அதன்பின் ஆண்டுக்குச் சுமார் 2 கிலோதான் கூடும். வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. அதோடு, இரண்டு வயதை ஒட்டிப் புதிய உணவைக் கண்டு தயங்கும் பருவமும் வந்து சேருகிறது. இதில் உங்கள் வளர்ப்பின் குறை எதுவும் இல்லை.

ஆனால் பாலின் அளவை நீங்கள் உடனே கவனிக்க வேண்டும். நான்கு வேளைக்கு 800 மில்லி ஆகிறது. இந்த வயதில் நாளுக்கு 500 மில்லிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. பால் வயிற்றை நிரப்பிவிடும், ஆனால் அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதையும் அது குறைக்கும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. புட்டியை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு டம்ளரில் பால் கொடுங்கள். மாமியாரிடம் இதைக் குற்றமாகச் சொல்ல வேண்டாம். பேத்தி பட்டினி கிடக்கக்கூடாது என்ற அன்பில்தான் அவர் கொடுக்கிறார்.

எங்கள் மையத்தில் செய்தித்தாளை விரித்து, முருங்கைக் கொத்துகளைப் போட்டுப் பிள்ளைகளையே இலை உருவச் சொல்வேன். பாதி இலை தரையில் கிடக்கும், காம்பும் சேர்ந்தே வரும். ஆனால் கீரை என்றாலே அழுத ஒரு சிறுமி, விரலெல்லாம் பச்சை வாசனை ஏற இரண்டு வாரம் இலை உருவிய பிறகு, தன் சோற்றில் கிடந்த கீரையைத் தானே எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். துப்பிவிட்டாள் என்பதும் உண்மை. அதற்கடுத்த வாரம் துப்பவில்லை.

இரு பிள்ளைகளின் தந்தை, கோவை

கைப்பேசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், சகோதரி. எங்கள் மகனுக்கும் இதே பழக்கம் இருந்தது. படத்தில் லயித்திருக்கும் பிள்ளைக்குத் தன் பசியும் தெரிவதில்லை, வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை. ஒரு சனிக்கிழமை முதல் வீட்டிலுள்ள எல்லோருடைய கைப்பேசியும் சாப்பாட்டு நேரத்தில் குளிர்பதனப் பெட்டியின் மேல் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தோம். முதல் நாள் மதியம் அவன் இரண்டு வாய்கூடச் சாப்பிடவில்லை. என் மனைவி அழுதுவிட்டார். நாலு மணிக்குப் பசி என்று அவனே வந்து நின்றான். அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டோம்.

எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் பொறுப்பு என்று அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் வகுத்த முறை எங்களுக்குப் பெரிதும் உதவியது. கேரட் பொரியலைத் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி வைத்துவிட்டுப் பேசாமல் இருப்போம். பத்துப் பன்னிரண்டு முறை வைத்த பிறகே தொட்டான். கேரட் சாப்பிட்டால் சாக்லேட் தருவேன் என்று முன்பு ஆசை காட்டியது எங்கள் தவறு; சாக்லேட்டின் மதிப்பைத்தான் அது உயர்த்தியது.

காவிரிக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. புட்டியை நிறுத்துவது பற்றி இன்றிரவே மாமியாரிடம் பேசுகிறேன். சாப்பிடாமல் இருக்கும் நாள்களில் எதைக் கண்டால் நான் பயப்பட வேண்டும்?

குழந்தைகள் நலச் செவிலியர், மதுரை

ஒரு வேளை, ஒரு நாள் என்று கணக்கிடாமல், ஒரு வாரத்தில் மொத்தமாக என்ன சாப்பிட்டாள் என்று பாருங்கள். இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ந்து எடை ஏறாமல் நின்றாலோ, விழுங்கும்போது புரையேறிக்கொண்டே இருந்தாலோ, கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருந்தாலோ, மண், சாம்பல், சுண்ணாம்பு தின்றாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து மருந்து அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அங்கன்வாடியில் கேளுங்கள். பருப்புச் சோற்றில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும், தேநீர் வேண்டாம். தானே எடுத்துச் சாப்பிடப் பழக்கும்போது வேர்க்கடலையை முழுதாகக் கையில் தராதீர்கள், பொடித்துச் சோற்றில் கலந்து கொடுங்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.